ஒரே ரயில் பாதையில் ஐந்து உயிரியல் பூங்காக்கள்: பெர்லின் முதல் வியன்னா வரை ஒரு சிக்கனத் திட்டம்

உயிரியல் பூங்காக்களைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பா போய்வரலாம் என்று யாரிடம் சொன்னாலும், அது கையிருப்பு நிறைய உள்ளவர்களுக்கான ஆசை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் யாருக்கும் குறையப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பிறகு செலவை ஏற்றிவிடுவது பூங்காக்களின் நுழைவுச்சீட்டு அன்று. ஒரு நாட்டின் மூலையிலிருந்து இன்னொரு நாட்டின் மூலைக்கு ஓடிக்கொண்டே இருப்பதுதான். லண்டன், ஆண்ட்வெர்ப், பெர்லின், பார்சிலோனா என்று பெயர்பெற்ற இடங்களையெல்லாம் ஒரே பயணத்தில் கோக்க முயன்றால் பாதிப் பணம் போக்குவரத்துக்கே போய்விடும், பாதி நேரமும் அதோடு போய்விடும். அதனால் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து வரும் ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படித் தேடினால் பெர்லின், லைப்சிக், பிராக், வியன்னா என்ற வரிசைக்கு இணையான இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு ஊர்கள், ஐந்து பூங்காக்கள், ஒரே விசா.

விமானச் சீட்டிலிருந்தே திட்டத்தைத் தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து பெர்லின் போய், திரும்பி வரும்போது வியன்னாவில் ஏறுவதாக ஒரே முன்பதிவில் வாங்கினால், கடைசியில் மீண்டும் பெர்லினுக்கு வந்து சேரும் செலவு மிச்சமாகும். வளைகுடா நகரங்கள் வழியாகப் போகும் விமானங்களில் இது பெரும்பாலும் சாதாரணப் போய்வரும் சீட்டின் விலையை ஒட்டியே கிடைக்கிறது. போகும் மாதம் மே அல்லது செப்டம்பராக இருப்பது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் அறை வாடகையும் சேர்ந்து ஏறுகின்றன. குளிர்காலத்தில் எல்லாமே மலிவாகக் கிடைக்கும் என்றாலும், பெரும்பாலான பூங்காக்கள் மாலை நான்கு, நான்கரை மணிக்கே மூடப்படுவதோடு, வெப்பநாட்டு விலங்குகள் பல வெளியே வராமல் கொட்டகைக்குள் அடைந்து கிடக்கும். மலிவாகப் போய் எதையும் பார்க்காமல் திரும்புவதில் சிக்கனம் ஏதுமில்லை.

விசாவைப் பொறுத்தவரை, ஜெர்மனி, செக் குடியரசு, ஆஸ்திரியா மூன்றும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரு விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதில் பாதி, ஆறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும் என்பதால், கோடை நெரிசல் தொடங்கும் முன்பே நேர்காணல் தேதியை வாங்கிவிடுவது மனநிம்மதிக்கு நல்லது. அறைகளைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு முதலில் பதிவுசெய்துவிட்டு, விசா கைக்கு வந்த பிறகு ரயில் சீட்டுகளை வாங்கலாம்.

பெர்லினில் ஏன் இரண்டு பூங்காக்கள் என்றால், நகரம் பிரிந்து கிடந்ததுதான் காரணம். 1844இல் திறக்கப்பட்ட பழைய பூங்கா போருக்குப் பின் மேற்குப் பகுதியில் அமைந்துவிட்டது. அங்கிருந்த 3,700க்கும் மேற்பட்ட விலங்குகளில் போரின் முடிவில் உயிரோடு எஞ்சியவை 91 மட்டுமே. கிழக்குப் பெர்லின் தனக்கென ஒரு பூங்கா வேண்டுமென்று 1955இல் பழைய அரண்மனைத் தோட்டம் ஒன்றில் டியர்பார்க்கை அமைத்தது. பழைய பூங்கா நகரின் நடுவே நெருக்கமாக, இனங்கள் மலிந்து கிடக்கும் இடம். டியர்பார்க் 160 ஹெக்டேரில் மரங்களும் புல்வெளியும் பரந்த, ஒரு பகல் முழுவதும் நடக்க வேண்டிய இடம். வண்டலூர்ப் பூங்காவில் நடந்து பழகிய கால்களுக்கு டியர்பார்க்கின் தொலைவு புதிதாக இருக்காது. பெர்லின் தலைமை ரயில் நிலையத்திலிருந்து யூ5 மெட்ரோ நேராக டியர்பார்க் வாசலுக்கே போகிறது என்பதால், அறையை நகரின் கிழக்குப் பக்கத்தில் அந்தப் பாதையை ஒட்டி எடுத்தால் வாடகையும் குறையும், அலைச்சலும் குறையும்.

ஜெர்மனிக்குள் ஒரு வாரம் வரை தங்குபவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2026 முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் மெட்ரோ, டிராம், நகரப் பேருந்து, வட்டார ரயில்கள் எல்லாம் இதில் அடக்கம். அதிவேக ரயில்கள் உள்ளிட்ட தொலைதூர ரயில்கள் மட்டும் சேராது. பெர்லினிலிருந்து லைப்சிக்கிற்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், வட்டார ரயிலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். இருந்தாலும் கையில் அவசரம் இல்லாதவர்களுக்கு அது சன்னலோரப் பயணமே. இது மாதச் சந்தா என்பதால், வாங்கிய மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுக்கப்படும். அதைத் தேதி போட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

லைப்சிக் பூங்கா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 1878இல் தொடங்கிய இந்தப் பூங்காவுக்கு 2011இல் சேர்ந்த கோண்டுவானாலாந்து என்ற, ஒளி ஊடுருவும் கூரை கொண்ட மாபெரும் மண்டபம்தான் இன்றைய பெருமை. 16,500 சதுர மீட்டர் பரப்பில் ஆப்பிரிக்க, ஆசிய, தென்னமெரிக்க மழைக்காடுகளை ஒரே கூரையின் கீழ் வளர்த்திருக்கிறார்கள். வெளியே குளிர்காற்று முகத்தில் அடிக்க, கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து, குற்றாலத்துச் சாரலுக்குப் பின் வரும் ஈரமண் வாசனை நெஞ்சை நிறைக்கிறது. மேலே மரக்கிளைகளுக்கு நடுவே தொங்கும் பாலத்தில் நின்றால் கீழே படகு போவது இலைகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரியும். மழை நாளை இந்த மண்டபத்துக்கு ஒதுக்கிவிட்டால் நாள் வீணாகாது. பக்கத்திலேயே போங்கோலாந்து என்ற மனிதக்குரங்குப் பகுதியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் சிம்பன்சிகளின் அறிவாற்றல் குறித்து ஆய்வு நடத்திவருகிறது. அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்து போகாதீர்கள்.

லைப்சிக்கிலிருந்து பிராக் போக டிரெஸ்டனில் வண்டி மாற வேண்டும். டிரெஸ்டனைத் தாண்டியதும் ரயில் எல்பே ஆற்றங்கரையோடு, பாறைக்குன்றுகளுக்கு நடுவே போகும். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் பிராக் பூங்காவின் தாழ்ந்த பகுதி மூழ்கியபோது கஸ்டோன் என்ற கடற்சிங்கம் தப்பி, வல்தாவா ஆற்றின் வழியே எல்பேயில் சேர்ந்து, இதே கரையோரமாக ஜெர்மனிக்குள் விட்டன்பெர்க் வரை நீந்திப் போனது. உயிரோடு பிடித்துத் திருப்பிக் கொண்டுவரும் வழியில் அது இறந்துவிட்டது. பூங்காவில் அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றைச் சன்னலில் பார்த்துக்கொண்டே போய், பிறகு அந்தச் சிலையின் முன் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஐந்தில் என் மனம் நிற்பது பிராக்கில்தான், அதனால் அதற்கு இரண்டு முழு நாட்கள் ஒதுக்கச் சொல்வேன். நுழைவுக் கட்டணம் பெர்லின், வியன்னாவை விட வெகு குறைவு, அறை வாடகையும் அப்படியே. மெட்ரோவின் சி பாதையில் நாட்ராஷி ஹொலெஷோவிட்சே நிலையத்தில் இறங்கி 112ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் வாசலில் விடும். பூங்கா ஆற்றங்கரையிலிருந்து மலைச்சரிவின் மேல் வரை ஏறிப்போவதால், முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழ்ப்பகுதியை ஒரு நாளும் மேல்பகுதியை மறுநாளும் வைத்துக்கொள்வது நல்லது. ஒருகாலத்தில் காட்டில் அற்றுப்போயிருந்த பிரஷ்வால்ஸ்கி குதிரைகளின் உலக வம்சாவளிப் பதிவேட்டை 1959 முதல் பராமரித்துவருவது இந்தப் பூங்காதான். 2011 முதல் செக் ராணுவ விமானங்களில் குதிரைகளை மங்கோலியாவுக்கு ஏற்றி அனுப்பி, 2024இல் பெர்லின் டியர்பார்க்கின் குதிரைகளையும் சேர்த்துக் கசகஸ்தான் புல்வெளிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெர்லினில் பார்த்த குதிரைகளின் கதை பிராக்கில் வந்து முழுமையடைகிறது.

தைபேயிலிருந்து 2022இல் வந்த சீன அழுங்குகளும் (செதில் போர்த்த எறும்புதின்னிகள்) இங்கே உண்டு. 2023இல் அவற்றுக்குப் பிறந்த குட்டிதான் ஐரோப்பாவில் பிறந்த முதல் சீன அழுங்கு. அவை இரவு விலங்குகள் என்பதால் மங்கிய வெளிச்சத்தில் கண் பழகும் வரை பொறுமையாக நிற்க வேண்டும். முன்கால் நகங்களை உள்மடக்கி, செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர, மோப்பம் பிடித்துக்கொண்டே அது கண்ணாடியருகே வந்துபோனது. அழுங்கு நம் காடுகளிலும் கரடுகளிலும் உள்ள உயிர், ஆனாலும் வேட்டையும் கடத்தலும் அதை நம் கண்ணுக்கே எட்டாததாக்கிவிட்டன.

செக் குடியரசில் யூரோ கிடையாது, கொருனாதான். சுற்றுலாத் தெருக்களின் பணமாற்றுக் கடைகளைத் தவிர்த்து, அட்டையிலேயே கட்டுங்கள். ரூபாயில் கட்டவா, உள்ளூர்ப் பணத்தில் கட்டவா என்று கருவி கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் விடியும்.

உணவுச் செலவுக்கு, சமையலறை உள்ள ஹாஸ்டலே தீர்வு. அரிசியும் தயிரும் எந்தப் பேரங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும்; காலையில் தயிர்ச்சோறு கிளறி ஊறுகாயோடு டப்பாவில் கட்டிக்கொண்டால் பூங்காவின் பெஞ்சிலேயே மதியச் சாப்பாடு முடிந்துவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும்.

பிராக்கிலிருந்து வியன்னா ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் சீட்டு மலிவு. ஷோன்பிரன் பூங்கா 1752இல் பேரரசர் முதலாம் பிரான்ஸ் அமைத்தது, இன்றும் இயங்கும் பூங்காக்களில் உலகிலேயே பழமையானது. நடுவில் 1759இல் கட்டிய எண்கோண மண்டபம், அதைச் சுற்றி ஆரங்களாக விலங்குகளின் இடங்கள். பழைய கூண்டுகளைத் தகர்த்து விரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், விலங்குகளைப் பற்றிய மனிதரின் எண்ணம் எப்படி மாறிவந்தது என்பது சுவர் சுவராகப் புரியும்.

விடுமுறை குறைவாக உள்ளவர்கள் முதலில் பெர்லினின் பழைய பூங்காவை விடலாம்; அங்குள்ள பாண்டாக்களின் இடத்தை, 2025இல் வியன்னாவுக்கு வந்த புதிய இணை நிரப்பிவிடும். அதற்கும் நேரமில்லையென்றால் ஜெர்மனியையே விட்டுவிட்டு, வியன்னாவில் இறங்கி வியன்னாவிலேயே ஏறுவதாக வைத்து, இடையில் பிராக் போய்வாருங்கள். அப்போது இரவுகள் பிராக்கில் கூடுதலாக இருந்தால் விசா விண்ணப்பம் செக் குடியரசிடம் போக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.