ஜென்னட்டின் இரண்டு வழக்குகள்

சூனியக்காரி வேட்டை பற்றிய நாவல் என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுவேன், அதிலும் ஒரு அத்தியாயம் 17-ஆம் நூற்றாண்டு, அடுத்தது இன்றைய காலம் என்று மாறி மாறி வந்தால் இன்னும் ஆசை. ஆனால் பாதி நேரம் இன்றைய அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுத்தான் படிக்கிறேன். கணவனைப் பிரிந்து பாட்டி வீட்டுக்கு வரும் ஒரு பெண், பரணில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அந்தக் காலத்து நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்புதான் எனக்கு எரிச்சல். (அட்டையில் தீ எரிவது அடுத்த எரிச்சல். மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692-ல் யாரையும் எரிக்கவில்லை, 19 பேரைத் தூக்கில் போட்டார்கள்.)

குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள். அவர்கள் பேசியதாக நம் கையில் இருப்பது, அவர்களை விசாரித்தவர்கள் எழுதி வைத்ததுதான்.

இங்கிலாந்தின் பெண்டில் வழக்கையே பாருங்கள். 1612 மார்ச்சில் அலிசன் டிவைஸ் என்ற பெண் வழியில் ஒரு வியாபாரியிடம் குண்டூசி கேட்கிறாள், அவன் கொடுக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் கை கால் இழுத்து விழுந்துவிடுகிறான். பக்கவாதமாக இருக்கும். அதில் ஆரம்பித்தது, ஆகஸ்டில் லங்காஸ்டரில் பத்துப் பேர் தூக்கில் தொங்கியதில் போய் நின்றது. அலிசனின் தங்கை ஜென்னட்டுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். அவள்தான் சாட்சி. மகளைப் பார்த்ததும் தாய் எலிசபெத் கத்திக் கூச்சலிட, தாயை வெளியே இழுத்துப் போய்விட்டு, சிறுமியை எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவள் சொன்னாள். அம்மா, அண்ணன், அக்கா மூவருமே போனார்கள். இதை எழுதிய நீதிமன்ற எழுத்தர், எலிசபெத்தின் ஒரு கண் மேலே பார்க்கும், மற்றது கீழே பார்க்கும் என்றெல்லாம் அருவருப்போடு விவரிக்கிறார். நாவலாசிரியருக்குக் கிடைக்கிற எலிசபெத் அந்த ஆள் கண்ணில் பட்ட எலிசபெத்தான்.

சரி, இரண்டு காலம் வேண்டும் என்றால் பரணுக்கே போக வேண்டாமே. 1634-ல் அதே லங்காஸ்டரில் இன்னொரு சூனிய வழக்கு. இந்த முறை சாட்சி எட்மண்ட் ராபின்சன் என்ற பத்து வயதுப் பையன். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் ஒருத்தியின் பெயர் ஜென்னட் டிவைஸ். அதே ஜென்னட்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு நாவலுக்கு இந்தச் சந்தேகம் போதாதா? ஒரு காலத்தில் மேசைமேல் நிற்கும் சிறுமி, இன்னொரு காலத்தில் வேறொரு குழந்தை தன்மேல் விரல் நீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுப் பெண். அந்தப் பையன் பொய் சொல்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

பையன் பிறகு லண்டனில் உண்மையைக் கக்கிவிட்டான்: மாடு ஓட்டிவர நேரமாகிவிட்டது, அடி விழும் என்று பயந்து கதை கட்டினானாம். ஆனாலும் 1636-ல் லங்காஸ்டர் சிறையில் இருந்தவர்களின் பட்டியலில் ஜென்னட் டிவைஸ் என்ற பெயர் இருக்கிறது.