ஈசிஜி துடிப்பு எண்ணி: கொழும்புக் கரன்டுக்கு ஏற்ப மாற்றிய விதம்

ஈசிஜி சிக்னலில் (இதயத்தின் மின் அலையில்) துடிப்புகளைக் கண்டுபிடிக்க, 1985இல் வெளிவந்த பான்–டொம்ப்கின்ஸ் முறையைத்தான் எடுத்தோம். 5–15 ஹேர்ட்ஸை மட்டும் விடும் பில்டர், சரிவு, வர்க்கம், 150 மில்லிசெக்கன் விண்டோவில் சராசரி, கடைசியில் எது துடிப்பு என்று தீர்மானிக்க, சிக்னலோடு தானே ஏறி இறங்கும் வரம்பு. கோட் எழுதுவது பெரிய வேலையே இல்லை.

சாமான்: ஏடி8232 மொடியூல் (ஈசிஜி சிக்னலைப் பெருக்குவது), ஈஎஸ்பி32 போட் (கோட் ஓடும் சின்னக் கணினி), உடம்பில் ஒட்டும் பேட் மூன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். பேட் பக்கற்றைத் திறந்து வைத்தால் ஜெல் காய்ந்துவிடும். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்தால் பேட் மெல்லக் கிளம்பும், கோடு மேலும் கீழும் அலையும். ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். மொடியூலின் வெளியீட்டை ஈஎஸ்பி32இன் ஜிபிஐஓ 34 என்ற பின்னில் கொடுங்கள். வைபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் (சிக்னலை எண்ணாக்கும் பகுதியின்) பின்கள் உதவாது. சம்பிள்களுக்கிடையே 5 மில்லிசெக்கன் இடைவெளிக்கு (அதாவது செக்கனுக்கு 200 சம்பிள்) டிலே போடாதீர்கள், மற்ற வரிகள் ஓடும் நேரமும் அதில் சேர்ந்துவிடும். டைமர்தான் சரி.

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பேட் ஒட்ட வேண்டும். பாதுகாப்புக்கு அது கட்டாயம், இரைச்சலும் குறையும். அப்படியும் பொய்த் துடிப்புகள் வந்தன. காரணம் பில்டரின் கணக்கிலேயே இருந்தது. 200 ஹேர்ட்ஸில் ஓடும் அதன் லோ-பாஸ் (தாழ்ந்த அலைவெண்களை விடும் பகுதி) 33.3 ஹேர்ட்ஸிலும் 66.7இலும் பூச்சியமாகும். அமெரிக்கக் கரன்டின் 60 ஹேர்ட்ஸ் இரைச்சலை ஏறத்தாழ 68இல் ஒரு பங்காக்கிவிடும். நம் 50 ஹேர்ட்ஸோ இரண்டு பூச்சியங்களுக்கும் நடுவில் விழுந்து, 18இல் ஒரு பங்குக்குத்தான் குறையும். மிஞ்சியதைச் சரிவு எடுக்கும் படி திரும்பவும் பெருக்கிவிடும். மருந்து ஒரே வரி: இப்போதைய சம்பிளையும் அதற்கு இரண்டு இடம் முன்னால் வந்த ஒரு சம்பிளையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 50 ஹேர்ட்ஸ் சரியாகப் பூச்சியமாகும், 10 ஹேர்ட்ஸில் 5 சதவீதந்தான் போகும்.

சோதிக்க எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி பதிவுத் தொகுப்பு: 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், 360 ஹேர்ட்ஸ். அதை அப்படியே ஊட்டினால் பில்டர் பட்டையே 1.8 மடங்கு மேலே போய்விடும், மேலே சொன்ன ஒரு வரியும் 50ஐ விட்டு 90ஐ வெட்டும். விண்டோவை 30இலிருந்து 54 சம்பிளாக்கினால் மட்டும் போதாது. முதலில் 200க்கு மாற்றுங்கள். சராசரியின் உச்சி ஆர் அலைக்கு (ஒவ்வொரு துடிப்பின் கூரான உச்சிக்கு) பிந்தித்தான் வரும், அதனால் பில்டர் செய்த சிக்னலில் பின்னோக்கிப் போய் உச்சியைப் பிடிக்க வேண்டும். 108 என்ற எண்ணுள்ள பதிவில் பி அலை (ஆர் அலைக்கு முன் வரும் சிற்றலை) உயரமாகவும் கூராகவும் இருக்கும்; மூல முறையே அங்கே தடுமாறியதுதான், எங்களுடையதும் அதையே இரண்டாவது துடிப்பாக எண்ணுகிறது.