ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கை

அம்மாவுக்கு ரொம்ப நாளாகக் கொல்லிமலை போக வேண்டும் என்று ஆசை. எதிர்வீட்டு அக்கா போய்வந்து சொன்னதிலிருந்து அறப்பளீஸ்வரரைப் பார்க்கணும், அப்படியே அருவியையும் பார்த்துடணும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டிவலி என்பதால் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை வந்ததும், சரி, இதற்கு மேல் தள்ளக் கூடாது என்று ஒரு புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு ஈரோட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். நான், வீட்டுக்காரர், மகள், அம்மா, தம்பி. திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, கட்டிக்கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டோம். மலை ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னதை மகள் கேட்கவில்லை.

அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள், 26க்கு அப்புறம் சத்தத்தைக் காணோம், திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்துப்போயிருந்தது. வண்டியை நிறுத்தி, வாந்தி எடுக்கவைத்து, வாயைக் கொப்பளித்து, அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்களும் கீழே எட்டிப் பார்த்தோம். வந்த சாலை மடிப்பு மடிப்பாகக் காட்டுக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது, அதற்கும் கீழே வயலும் ஊரும் பனிமூட்டத்துக்குள் இருந்தன.

செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர் என்று தம்பி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அங்கிருந்து மிளகுக்கொடி ஏறிய மரங்களும் காப்பித் தோட்டமுமாகப் போய் அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்திலேயே அய்யாறு ஓடுகிறது. அறுத்துச் சமைக்கப்போன மீன் மறுபடி ஒன்றுசேர்ந்து ஆற்றில் துள்ளிக் குதித்தது என்பது இந்தக் கோயிலின் கதை, அதனால் இங்கே மீனை யாரும் பிடிப்பதில்லை, பொரி போடுகிறார்கள். இந்த அய்யாறுதான் கொஞ்ச தூரம் போய் அப்படியே பள்ளத்தில் விழுந்து ஆகாய கங்கை ஆகிறது, அப்புறம் துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எண்ணிக்கையை விட உயரம்தான் பாடுபடுத்தும், நிறைய படிகள் ஒரு வீட்டுப் படியைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும், சில இடங்களில் நேர் செங்குத்து. அம்மாவைக் கோயிலிலேயே உட்காரச் சொன்னேன். "வந்தது வந்துட்டேன், முடிஞ்ச வரைக்கும் எறங்கறேன் கண்ணு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்க ஆரம்பித்துவிட்டார். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினோம். பாதி தூரத்தில் மரங்களுக்கு நடுவே முதன்முதலாக அருவி தெரிகிற ஒரு இடம் வந்தது. பாறைச்சுவரில் வெள்ளையாக ஒரே கோடு, சத்தம் மட்டும் காடு முழுக்க. அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். "போதும். நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு இங்கிருந்தே நல்லாத் தெரியுது." தம்பி அவரோடு இருந்துகொண்டான்.

கீழே போனதும் முதலில் காற்றுதான் அடித்தது. தண்ணீர் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில் காற்றையே தள்ளிக்கொண்டு வருகிறது, ஐம்பது அடி தள்ளி நிற்கும்போதே சாரலில் முழுக்க நனைந்துவிட்டோம். நேர் கீழே நிற்க முடியவில்லை, முதுகைக் காட்டி ஓரமாக நின்றால் சரளைக்கல்லை வாரி இறைத்த மாதிரி இருந்தது. குற்றாலத்தில் தலைமேல் விழும் தண்ணீருக்குப் பழகிய எனக்கு இது வேறு அனுபவம், இங்கே அருவி நம்மைக் கிட்டவே விடுவதில்லை. வாந்தி எடுத்த மகள் என் கையை உதறிவிட்டுக் கத்திக் கத்திக் குதித்துக்கொண்டிருந்தாள். பாறையெல்லாம் வழுக்குகிறது, செருப்பில்லாமல் விரலை ஊன்றி நடப்பதுதான் நல்லது.

கிளம்பும்போது மகளே தன் ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, "அம்மாயிக்கு" என்றாள். ஏறும்போதுதான் படியின் உயரம் தொடையில் தெரிந்தது. பாட்டிலை வாங்கிய அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் கண்ணில் ஒற்றி, தலையில் தெளித்து, அப்புறம் இரண்டு முட்டியிலும் தடவிக்கொண்டார். மீதியைச் சிந்தாமல் மூடி மடியில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து கோயிலுக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் கையைப் பிடித்து, "அவசரமே இல்லீங்க அத்தை, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இதய நோய், மூச்சிரைப்பு இருப்பவர்களைத் தயவுசெய்து இறக்கிவிடாதீர்கள், ஏதாவது ஆனால் தூக்கிக்கொண்டு வர வேறு வழி இல்லை. தண்ணீர் பாட்டிலைப் படியோரம் வீசிவிட்டுப் போகாதீர்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

மேலே முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் கிழங்கு, பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். அதைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள், மூட்டுவலிக்கு நல்லதாம். அம்மா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நான்கு கிழங்கையும் வாங்கிக்கொண்டார். மகள் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிட்டாள், இறங்கும்போது 70 வளைவும் தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஸ்டீல் பாட்டில் இன்னும் அம்மா வீட்டுச் சாமி அறையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் மகளுக்கு வேறு வாங்கினோம்.