மேடை எந்தப் பக்கம் இருந்தது?

சிங்கப்பூரில் 18 ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். டோபி காட் பக்கம் வந்தால், குழுவை எதிர் நடைபாதையில் நிறுத்தி கேத்தே கட்டடத்தின் முகப்பைக் காட்டுவேன். 1939இல் திறந்த, ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியில் அமைந்த திரையரங்கம், வெயிலில் வாடிய ஊருக்குக் குளிரூட்டிய அரங்கம், அன்றைய சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "தம்பி, நேதாஜி நின்ற மேடை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டார். அவருடைய அக்காள் தோட்டத்திலிருந்து கிளம்பி நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவராம்.

எனக்குத் தெரியாத செய்தி அல்ல. 1942இல் குண்டு விழுந்தபோது மக்கள் இங்கேதான் ஒதுங்கினார்கள். பிறகு ஜப்பானியர் தங்கள் வானொலியையும் பிரசாரத்தையும் இங்கிருந்து நடத்தினார்கள். 1943 அக்டோபர் 21 அன்று, படம் ஓட வேண்டிய இந்த அரங்கில்தான் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தார். சென்னையிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி அமைச்சராகப் பொறுப்பேற்றதும் அன்றுதான். போர் முடிந்ததும் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம். அதன் பின் மறுபடி சினிமா, ஓட்டல், அலுவலகங்கள். இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவது என் பழக்கமாகியிருந்தது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

"அந்த அரங்கம் இப்போது இல்லை அம்மா. 2000இல் மூடினார்கள். முகப்பைத் தேசிய நினைவுச்சின்னமாக்கிவிட்டு, பின்னால் இருந்ததை இடித்துப் புதிதாகக் கட்டி 2006இல் திறந்தார்கள்" என்றேன்.

"இடம் இதுதானே?"

சாலையைக் கடந்து உள்ளே அழைத்துப் போனேன். சோளப்பொரி வாசனை, டிக்கெட் வரிசை, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். அம்மா ஓரமாகப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்தார். பளிங்குத் தரையில் வெறுங்காலோடு, கைகளைக் கோத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பேரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

அதன் பிறகு எந்தக் குழுவையும் எதிர் நடைபாதையோடு திருப்பி அனுப்பியதில்லை. 2022இல் அந்தத் திரையரங்கமும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கடைகளும் மூடப்பட்டன. அடைத்த கதவுக்கு முன்னால், முகப்பின் நிழலில் நிறுத்தி, 1943இலிருந்து கதையைத் தொடங்கினேன்.