அப்பாவுடன் சுவாமிமலை

கும்பகோணம் பக்கம் போகிற எல்லோருக்கும் ஒரு பேராசை வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று வேன்காரர்கள் வேறு. எழுபதைத் தாண்டிய அப்பாவோடு போவதானால் அந்த ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. காலையில் சுவாமிமலை, மாலையில் தாராசுரம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டோம்.

சுவாமிமலை அறுபடை வீடுகளில் நான்காவது. பெயரில்தான் மலை, சமவெளியில் எழுப்பிய கட்டுமலை அது. மேலே போக 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடம் ஒன்றுக்கு ஒரு படி, பெயரோடு. இளவட்டங்கள் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கோ இந்தப் பெயர்கள் பெரிய உபகாரம், நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கால் வலிக்கிறது என்று அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'விரோதி'யில் நின்றார், பெரிய அத்தை பிறந்த வருடமாம். 'கர'வில் நின்றார், அது அவருடையது, 1951. அவர் பிறந்த சேதி வெளியூரில் இருந்த தாத்தாவுக்குத் தந்தியில் போன கதையை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். "உன் துந்துபி இன்னும் ரொம்ப மேல இருக்கு, வா" என்றார்.

கையை நீட்டினால் தட்டிவிடுவார். பேசாமல் ஒரு படி கீழே, பின்னாலேயே வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் அப்படித்தான் ஏறினேன்.

சன்னிதிக்கு எதிரே மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை; இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, அப்பன் சீடனாகக் கேட்ட தலம் இது. எங்கள் வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. அப்பாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது செல்போனில் பணம் அனுப்புவது ஒன்றுதான். அதையும் அவர் நம்புவதில்லை. அர்ச்சனைச் சீட்டுக்குச் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். பெரியவர்கள் கொடுக்கிறேன் என்றால் கொடுக்க விட்டுவிட வேண்டும்.

குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா, நாங்கள், பேரப்பிள்ளைகள் என்று அப்பா வரிசையாக ஒப்பித்தார். முடித்துவிட்டார் என்று குருக்கள் திரும்பப் போனபோது, "இன்னொண்ணு" என்று சொல்லிச் சித்தப்பா பெயரைச் சொன்னார். உத்திரட்டாதி, மீன ராசி. நிலத் தகராறில் அந்த வீட்டோடு பேச்சு நின்று பல வருடமாகிறது. சித்தப்பாவின் நட்சத்திரம் எங்களில் யாருக்கும் தெரியாது. குருக்கள் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பார். இறங்கும்போது, எந்தப் படி என்று நினைவில்லை, அவராகவே ஆரம்பித்தார்: வைத்தீஸ்வரன் கோயிலில் தம்பிக்கு மொட்டை போட்ட நாள், அவன் அழுத அழுகை, இவர் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றியது. கீழே வரும்வரை அந்தக் கதைதான். சண்டை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

வெயில் ஏறுவதற்குள் அறைக்கு வந்துவிட்டோம். உச்சிவேளையில் கோயில்கள் நடை சாத்திவிடும், கல்தரையும் காலைப் பொசுக்கும். சாப்பாடு, மாத்திரை, ஒரு தூக்கம்.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ரத மண்டபத்தையும் கம்பிக்குள் இருக்கும் இசைப் படிகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கின்றன; நின்றபடி நடக்கிறவர் கண்ணில் அவ்வளவாகப் படாது. கால் ஓய்ந்து கீழே உட்கார்ந்த அப்பாவுக்கு நேர் எதிரே அவை. கண்ணப்பர் எங்கே என்று தேட ஆரம்பித்தவர், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாயனாருக்கும் ஒரு கதை சொன்னார். சிலவற்றில் இரண்டு பேர் கதையைக் கலந்துவிட்டார் என்று சந்தேகம். நான் திருத்தவில்லை.

நாளைக்கு எங்கே போகலாம் என்று ராத்திரி கேட்டேன்.

"திருவலஞ்சுழி. வெள்ளைப் பிள்ளையார் போதும். கூட்டமா இருந்தா அதுவும் வேண்டாம், ரயிலுக்குப் போயிடலாம்."