காத்தான்குடிக் கடையில் வாங்கிய கறுப்புப் பெட்டி

மட்டக்களப்புக்கு அருகேயுள்ள காத்தான்குடியில், பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், பழைய இலத்திரனியல் பொருள்களை நிறுத்து வாங்கி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடந்த ஆண்டு அங்கே பழுதான மின்விசிறிகளுக்கும் பிரிண்டர்களுக்கும் நடுவே, தடித்த அகராதியொன்றை நிமிர்த்தி வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டேன். பெயரும் மாதிரி எண்ணும் இருந்த ஒட்டுத்தாள் உரிந்துபோயிருந்தது. "இது கொம்பியூட்டர் இல்ல தம்பி, ஹெட் ஒபிஸ் லைன் இருந்தாத்தான் வேல செய்யும்" என்று கடைக்காரர் நேர்மையாகவே சொல்லி, அடப்டர் இல்லாமல் 4,500 ரூபாய்க்குத் தந்தார்.

அவர் சொன்னதில் பாதி சரி. தின் கிளையன்ட் எனப்படும் இவ்வகைப் பெட்டிகள், வேலையெல்லாம் வேறெங்கோ உள்ள சேர்வரில் நடக்க, நாம் தட்டும் எழுத்துகளை அங்கே அனுப்பி, அங்கிருந்து வரும் திரையைக் காட்டுவதற்காகவே அலுவலகங்களுக்கு விற்கப்பட்டவை. ஆனால் அந்தச் சிறு வேலையைச் செய்வதற்கும் உள்ளே ஒரு புரொசசரும் நினைவகமும் சேமிப்பும் இருந்தாக வேண்டும். அவை பெரும்பாலும் சாதாரண மடிக்கணினியில் இருப்பவைதாம். ஒரு கணினியை ஒரே வேலைக்கெனக் குறுக்கி விற்கும்போது, அந்தக் குறுக்கம் மென்பொருளில் இருக்கிறதா, வன்பொருளில் இருக்கிறதா என்பதை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்பது என் எண்ணம். பெரும்பாலும் அது மென்பொருளில்தான் இருக்கும்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு பழைய கதையிலிருந்து. 1999-2000 காலப்பகுதியில் அமெரிக்காவின் நெட்பிளையன்ஸ் என்ற நிறுவனம், ஐ-ஓப்பனர் என்னும் இணையக் கருவியை 99 டொலருக்கு விற்றது. தயாரிப்புச் செலவு அதைவிடப் பல மடங்கு, மாதம் 21.95 டொலர் சந்தாவில் இழப்பை ஈடுசெய்யலாம் என்பது கணக்கு. பீட்சா வரவழைப்பதற்கென்றே தனி விசை வைத்த அந்தக் கருவிக்குள் வின்சிப் புரொசசரும் 32 மெகாபைட் நினைவகமும், கியூஎன்எக்ஸ் இயங்குதளம் வைத்த 16 மெகாபைட் ஃபிளாஷும் இருந்தன. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லாஸ் வேகஸ் நகரத்துப் பொறியியலாளர் கென் செக்லர், அதன் மதர்போர்டில் வன்தட்டு இணைக்கும் இடம் ஒன்று விடப்பட்டிருப்பதைக் கண்டார்; கேபிளின் கம்பி வரிசையை மாற்றி அமைத்து வன்தட்டைப் பொருத்தி, அதை முழுக் கணினியாக்கிக் காட்டினார். செய்தி பரவியதும், சந்தா கட்டும் எண்ணமே இல்லாதவர்கள் கருவியை வாங்கிக் குவித்தார்கள். நிறுவனம், கருவியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் சிப்பின் மேல் பசை ஊற்றியது, வன்தட்டு இணைப்பை அகற்றியது, சேவையைக் கைவிடுவோருக்கு 499 டொலர் கட்டணம் என்றது. 2001இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்துடன் 1,00,000 டொலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு, பெயரையும் தொழிலையும் மாற்றிக்கொண்டது. பசை ஊற்றியவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கணக்கு பிழைத்த வியாபாரி வேறென்ன செய்வான்?

என் பெட்டியில் பசை எதுவும் இல்லை. கல்லடியில் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் இருக்கும் வீட்டில் வாழ்பவனுக்கு முதலில் தெரியும் எதிரி உப்புக்காற்றுதான். மூடியைக் கழற்றியபோது நினைவகச் செருகியின் ஓரங்களில் பச்சை படர்ந்திருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும், நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களுக்குப் பென்சில் அழிறப்பரும் போதுமாக இருந்தன. உள்ளே விசிறியே இல்லை. சூடு முழுவதும் ஓர் அலுமினியக் கட்டியின் வழியாக வெளியேறுகிறது. விசிறி இல்லாததால் உப்பும் தூசும் உள்ளே இழுக்கப்படாமல் இருந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். 19.5 வோல்ட் அடப்டர் ஒன்றை வேறு கடையில் வாங்கினேன்.

பெட்டி விழித்துக்கொண்டபோது, உள்ளே விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7 இருந்தது. இதுவே போதும் என்று நினைத்து அக்காவின் மகளிடம் கொடுத்தேன். அவள் பாடசாலைக்காக இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைத் தட்டிச் சேமித்துவிட்டு நிறுத்தினாள். மறுநாள் திறந்தால் கட்டுரை இல்லை. அலுவலகப் பெட்டி எப்போதும் முதல் நாள் போலவே இருக்க வேண்டும் என்பதற்காக, எழுதப்படும் எல்லாவற்றையும் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, நிறுத்தியதும் கைவிடும் வடிகட்டி ஒன்று அவ்வகை விண்டோஸில் இயங்குகிறது. வங்கிக் கருமபீடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. "மாமா, இது மறதிக்காரக் கொம்பியூட்டர்" என்றாள் அவள். வடிகட்டியை நிறுத்திவைக்க வழி உண்டு. ஆனால் காலாவதியான இயங்குதளத்தைக் காப்பாற்றுவதில் பொருளில்லை என்று, லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியன் 12ஐப் பென் ட்ரைவில் ஏற்றினேன்.

லினக்ஸ் எழுந்ததும் ஒட்டுத்தாள் சொல்லாததை அது சொல்லியது: ஏஎம்டி ஜிஎக்ஸ்-217ஜிஏ, இரண்டு கோர், 1.65 கிகாஹேர்ட்ஸ். நினைவகம் 4 கிகாபைட், சேமிப்பு 16 கிகாபைட் எம்.2 தகடு. இரண்டாவது நினைவகச் செருகி வெறுமையாக இருந்ததால், உடைந்த மடிக்கணினி ஒன்றிலிருந்து எடுத்த டிடிஆர்3எல் வகை நினைவகத் தகட்டால் அதை 8 கிகாபைட் ஆக்கினேன். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்துடன் டெபியன் நிறுவிய பிறகும் சேமிப்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

உண்மையான தடை அதன் பின்னரே வந்தது. நிறுவல் வெற்றி என்று திரை சொன்னது. பென் ட்ரைவைக் கழற்றி மீண்டும் இயக்கினால், இயங்குதளமே இல்லை என்றது. இரண்டு இரவுகள் சேமிப்புத் தகடு பழுது என்றே நம்பி, மூன்று முறை மீள நிறுவினேன். காரணம் வேறு. நிறுவல் நிரல் தன் தொடக்கக் கோப்பை டெபியன் என்ற பெயருள்ள கோப்புறையில் வைத்து, அதன் முகவரியை, பெட்டியைத் தொடக்கிவைக்கும் யூஈஎஃப்ஐ என்ற உள்மென்பொருளின் பட்டியலில் எழுதுகிறது; இந்தப் பெட்டியோ அந்தப் பட்டியலைப் பொருட்படுத்தாமல், சேமிப்பில் தொடக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய ஈஎஃப்ஐ பகுதியின் பூட் கோப்புறையில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பென் ட்ரைவிலிருந்து அது எழுந்ததற்கும் காரணம், அதே பெயரில் அங்கே ஒரு கோப்பு இருந்ததுதான். தொடக்க நிரலை நிறுவும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' என்ற தெரிவுடன் ஒருமுறை ஓட்டியதும் அந்த இடத்தில் கோப்பு அமர்ந்தது, பெட்டியும் எழுந்தது. செக்லருக்குக் கம்பி வரிசை மாறிய கேபிள் என்றால், எனக்கு இருந்தது ஒரு கோப்பின் பெயர்.

அடுத்த நாள் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. எல்லாத் தளங்களின் சான்றிதழ்களும் செல்லாதவை என்று உலாவி எச்சரித்தது. நேரத்தை நினைவில் வைத்திருக்க மதர்போர்டிலிருந்த சிஆர்2032 மின்கலம் செத்துப்போய், பெட்டி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் இருந்துகொண்டு, இன்னும் வழங்கப்படாத சான்றிதழ்களைச் சந்தேகப்பட்டிருக்கிறது. முச்சந்தியில் இருக்கும் மணிக்கூட்டுக் கடையில் மின்கலம் வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

தமிழ் உள்ளீட்டுக்கு, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பை ஏற்படுத்தினேன். சும்மா இருக்கும்போது பெட்டி 10 வாட்டைத் தொடுவதில்லை என்பதை என் மின்மானியில் பார்த்தேன். ஆகவே மின்சாரம் போனாலும் சிறிய யூபிஎஸ் ஒன்று அதை நெடுநேரம் தாங்குகிறது. காணொளிகள் 720பி அளவில் தடையின்றி ஓடுகின்றன, அதற்கு மேல் திணறுகின்றன. உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்து வைப்பவருக்கு இது ஏற்றதன்று. அக்காவின் மகள் எழுதுகிறாள், கணக்குத் தாள்களைத் தரவிறக்குகிறாள், சேமித்தது மறுநாளும் இருக்கிறதா என்று பழக்கத்தில் இன்னமும் திறந்து பார்க்கிறாள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நண்பர் ஒருவரின் ஊர் வாசிகசாலைக்கும் ஒன்று வேண்டுமென்று, போன மாதம் அதே கடைக்குப் போனேன். முதல் பெட்டியில் நான் செய்ததையெல்லாம் இடையில் ஒருநாள் அந்தக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அலுமாரியில் இன்னும் மூன்று பெட்டிகள், இந்த முறை தூசு துடைக்கப்பட்டு, வரிசையாக நின்றன. விலை 9,000 என்றார். ஏன் என்று கேட்டேன்.

"இது கொம்பியூட்டர் தம்பி."