மூக்குத்தி எங்கம்மா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு வேலைக்கூடம் வைத்திருக்கிறேன். கல்யாண பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ், பழைய படங்களைச் சீர்செய்வது என்று 11 வருடம் ஓடிவிட்டது. இதில் எனக்கு உயிர் பழைய படங்கள்தான். தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் உடைபட்ட பிறகு, அங்கே வாழ்ந்ததற்குப் பல குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது பூஞ்சை பிடித்த ஒரு படம் மட்டுமே.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்கா பிஸ்கட் டின்னுக்குள் வைத்து ஒரு படம் கொண்டுவந்தார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எடுத்தது. நாற்காலிகளில் மேனேஜரும், கணக்கு எழுதும் கிராணிமாரும். பின்னால் தலையில் துண்டு கட்டிய, பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் பாலுக்காக மரப்பட்டையைச் சீவும் பெண்கள் 17 பேர். அதில் ஒருவர் அந்த அக்காவுடைய அம்மா. எனக்கோ வேலை குவிந்திருந்த நேரம். ஸ்கேன் செய்து, தூசி நீக்கும் கட்டளையைக் கொடுத்து, முகத்தைத் தெளிவாக்கும் ஒரு செயலியிலும் ஓட்டி, மறுநாளே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். படம் பளிச்சென்று இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அம்மா மூக்குத்தி எங்கம்மா?"

ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் நாலைந்து பிக்சல் அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. மென்பொருளுக்கு அது தூசி. ஒட்டிய கன்னத்தையும் அந்தச் செயலி நிரப்பிவிட்டிருந்தது. எங்கெங்கோ இருக்கும் முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்து அது ஊகித்துப் போட்ட முகம். அப்படி ஒரு பெண் எந்தத் தோட்டத்திலும் இருந்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. "ஒரு வாரம் கொடுங்கக்கா, நானே கையால செய்யறேன்" என்றேன்.

படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, கணினியோடு இணைத்த வரைபலகையில் பேனாவை வைத்துப் புள்ளி புள்ளியாகப் போனேன். பூஞ்சைக் கறையின் ஓரம் சிலந்தி நூல்போலக் கிளைவிட்டிருக்கும். மூக்குத்தியின் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்திருக்கும். ஒரு பெண்ணின் நெற்றியில் இருந்த கறுப்புக் கோட்டைக் கீறல் என்று அழிக்கப் போய், சட்டென்று நிறுத்தினேன். அது தலைவிளக்கின் வார். என் அம்மாவும் விடியுமுன் அப்படித்தான் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போவார்.

இதையெல்லாம் செய்த பிறகும் "கம்ப்யூட்டர்தானே போடுது, இதுக்கா 80 வெள்ளி (ரிங்கிட்)?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு விழா மேடைக்கு மூன்று இரவு கண்விழித்துச் செய்த ஒளிக்காட்சியை, கருவி வாடகைக்குக் கொடுத்தவருடைய பெயரில் அறிவித்தார்கள். அது இன்னும் வலிக்கிறது.

அப்போதெல்லாம் கணினிக் கலையின் முன்னோடியான வெரா மோல்னாரை நினைத்துக்கொள்வேன். 1924இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கணினி கைக்கு எட்டாத நாளில், ஒரு மெஷின் இருப்பதாகப் பாவித்து, தானே விதி வகுத்துக்கொண்டு, அந்த விதிப்படி கையால் வரைந்தார். நிஜக் கணினி அவருக்குக் கிடைத்தது 1968இல்தான். ஒழுங்கான சதுரங்களுக்கு நடுவே ஒரு விழுக்காடு மட்டும் ஒழுங்கைக் கலைத்துப் பார்ப்பார். எதைக் கலைப்பது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவருடைய கண் சொன்ன கணக்கு. மெஷின் கோடு போட்டது, அவ்வளவுதான்.

இங்கேயும் அப்படி ஒருவர் இருக்கிறார். கோத்தா கினபாலுவில் பிறந்த கலைஞர் யீ இ-லான், மலாக்காவில் ஒரு சாதாரண ஸ்டூடியோ எடுத்துவைத்த வாடிக்கையாளர் படங்களைக் கொண்டே 2002இல் ஒரு பெரிய படைப்பைச் செய்தார். அதைப் பற்றிப் படித்த பிறகுதான் என் ஸ்கேன்களை அழிக்காமல் சேர்த்துவைக்கத் தொடங்கினேன்.

சரி, அக்காவின் படத்துக்கு வருகிறேன். இரண்டாவது பிரிண்டைக் கையில் வாங்கியவர், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவரையும் அடையாளம் சொன்னார். படத்தின் அடியில் மேனேஜர், கிராணிமார் பெயர்கள் மட்டும்தான் அச்சாகியிருந்தன. அன்றே கோப்பில் அந்த இரண்டு பெண்களின் பெயரையும் எழுதிவைத்தேன். கீழே, சீர்செய்தவர் என்று என் பெயரையும் போட்டேன். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, இப்போது 17இல் 11 பெயர் சேர்ந்திருக்கிறது. பின்வரிசையில் வாளியை இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்கும் சின்னப் பெண் யாரென்று ஒரு பெரியம்மாவுக்குத் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.